கருதுவேல்

– ஒரு வார்த்தைக்காகவா?

– ஒரே ஒரு வார்த்தைதான் மயிலு. அதப் பதிஞ்சுட்டேன்னா சாயங்கால பஸ்ஸுக்கே எறங்கிருவேன்.

– சேலத்துல பஸ் ஏறி, நாமக்கல்லுல மாறி, இத்தன வளைவும் சுத்தி ஏறி, கட்டுன பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்த கேக்க வந்தீங்களாக்கும். ஞாயித்துக்கெழமை போன்ல கேட்டிருந்தாச் சொல்லியிருப்பனே.

– போன்ல சத்தம் சுத்தமா வராது. அதாவது, போனு மேல்சத்தத்தையும் கீழ்ச்சத்தத்தையும் வெட்டிப்போடும். நடுவுல இருக்கறது மட்டுந்தான் இந்தப் பக்கம் வந்து சேரும்.

– அப்ப, நான் மலைக்கு வந்ததுல இருந்து செம்மேட்டு பூத்துல நின்னு பேசுனதெல்லாம் வெட்டுப்பட்ட மயிலம்மாதானா. அதான் உங்களுக்கு ஒண்ணும் வெளங்கலையாட்ட இருக்குது.

– குத்திப் பேசாத.

– குத்தலீங்க. சும்மா சொன்னேன். செருப்ப அங்கயே வுட்டுட்டு அந்தப் பக்கமாச் சுத்தி வாங்க, பாயில மொளகு காயுது. கயித்துக் கட்டில்ல உக்காருங்க. மூச்சு இப்படி வாங்குது உங்களுக்கு.

– ரோட்டுல இருந்து உன்ற தோட்டம் வரைக்கும் ஒரே மேடு. உங்கப்பன் எடம் வாங்குனவரு கொஞ்சம் ரோட்டுப் பக்கமா வாங்கியிருக்கலாம்.

– எங்கப்பன் மொளகுக்கு வாங்குனாரு, மருமகனுக்கு வாங்கல. வரக்காப்பிதான் இருக்குது. போடட்டுங்களா?

– போடு. சக்கரை வேண்டா.

– எப்ப இருந்து?

– அது ஆச்சு ஒரு வருசம். டாக்டரு சொன்னாரு.

– எங்கிட்ட யாரும் சொல்லலியே.

– சொல்ற அளவுக்கு ஒண்ணுமில்ல. ஒண்ணு கவனி மயிலு, நான் எதுக்கு வந்தேன்னா…

– இருங்க, காப்பி கொதிக்கட்டும். இளமதி போன மாசம் பேசுனா. ‘அப்பா ரிட்டயர் ஆயும் காலைல சட்டைய மாட்டிட்டு எங்கயோ கெளம்பறாரும்மா, எங்கன்னு கேட்டா காலேசுக்குங்கறாரு’ன்னா. நெசமாவா?

– நெசந்தான். புராஜெக்ட் முடியல. பசங்க கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க. இத்தன வருசம் நான் கட்டுன மெசினு, பாதியில வுட்டுட்டு எப்படி ஊட்டுல உக்கார முடியும்?

– சோறு யாரு ஆக்கறா?

– மெஸ்ஸுல சாப்புட்டுக்கறேன். ராத்திரி ரெண்டு தோசை.

– ஊடு?

– ஊடு அப்படியே இருக்குது. முன்ரூம்பு மட்டும் பொழங்கறேன். மத்ததெல்லாம் பூட்டி வெச்சிருக்கேன். அதாவது, கூட்டற வேலை மிச்சம்.

– ம். இந்தாங்க, சூடா இருக்குது, வேட்டியில சிந்திக்காதீங்க. இப்பச் சொல்லுங்க உங்க மெசினு கதைய. நான் மொளகு உதுத்துக்கிட்டே கேக்கறேன்.

– பார்வையில்லாத புள்ளைங்க படிக்கற பள்ளிக்கூடம் ஒண்ணு இருக்குது. அங்க நம்ம மெசின குடுக்கறதாப் பேச்சு. பாடப் புஸ்தகத்த உள்ள போட்டா அது வாய்வுட்டு வாசிச்சுக் காட்டும். உங்கொரல்ல.

– இன்னுமா எங்கொரலு? வேற யாராச்சும் சின்னப் புள்ளைய வெச்சுப் பதிஞ்சிருப்பீங்கன்னு நெனச்சேன்.

– இல்ல. தொண்ணூத்தேழுல நீ படிச்சதுதான். எல்லா வேலையும் அது மேலதான் நடந்துச்சு. நாலு பேரு அதுல எம்.ஈ. முடிச்சாங்க. ரெண்டு பேரு அமெரிக்காவுல இருக்கறாங்க. சுஜிதான்னு ஒரு பொண்ணு, எங்கிட்டக் கடைசியா ஆராய்ச்சி பண்ணுனவ, உங்கொரலத் தூக்கத்துலகூட அடையாளம் சொல்லுவா.

– அந்தப் புள்ள என்னையப் பாத்ததே இல்லையே.

– பாத்ததில்ல. கேட்டிருக்கறா.

– சேரி. அப்ப மெசினு நல்லாத்தான் பேசுது. எதுக்கு வந்தீங்க?

– ஒரு எடத்துல தப்பாப் பேசுது. ஒரே ஒரு வார்த்தையில. ‘கதிர்’னு எழுதிப் போட்டா ‘கருது’ங்குது.

– கருதா?

– கருது. ‘நெற்கதிர்’ போட்டா ‘நெற்கருது’. அதக்கூட நம்ம ஊர்ல அப்படித்தானே சொல்றோம்னு வுட்டறலாம். சயின்ஸ் பாடத்துல ‘ஒளிக்கதிர்’னு வருது, அத ‘ஒளிக்கருது’ன்னு வாசிக்குது. எக்ஸ்ரேவ ‘ஊடுகருது’ன்னு வாசிக்குது.

– அய்யோ. புள்ளைங்க சிரிக்குமே.

– புள்ளைங்க இல்ல, பெரியவங்களே சிரிச்சாங்க. நான் ரிட்டயர் ஆன அன்னைக்கு எனக்கு விழா வெச்சாங்கல்ல…

– ம்.

– நீ வரல.

– நீங்க சொல்லலியே.

– இளமதிகிட்டச் சொல்லிவுட்டேன்.

– அவகிட்டச் சொன்னீங்க. எங்கிட்டச் சொல்லலியே. மேல சொல்லுங்க.

– வரவேற்புரைய யாராச்சும் படிக்கறதுக்குப் பதிலா மெசினே படிக்கட்டும்னு ஏற்பாடு. பெரிய ஆளுங்க எல்லாம் முன் வரிசையில. நான் மேடையில, கழுத்துல மாலை. சுஜிதா எழுத்த உள்ள போட்டு பட்டன தட்டறா. உங்கொரலு ஆரம்பிக்குது, ‘அவைக்கு வணக்கம். முப்பது ஆண்டுகள் இக்கல்லூரியில் பாடம் நடத்திய பேராசிரியர் கருதுவேல் அவர்களே’ன்னு.

– என்ன வேலு?

– கருதுவேல்.

– கருதுவேலா? பேராசிரியர் கருதுவேலு.

– சிரி. நல்லாச் சிரி. மண்டபமே சிரிச்சுச்சு. அது அங்க நிறுத்தல மயிலு. அந்த உரையில எம்பேரு எத்தன எடத்துல வந்துச்சோ அத்தன எடத்துலயும் கருதுவேலு. முன் வரிசையில ஒருத்தரு கண்ணுல தண்ணி வரச் சிரிச்சாரு. நானும் மாலையோட உக்காந்து சிரிச்சேன். வேற என்ன பண்ண?

– அய்யோ சாமி. வயிறு வலிக்குதுங்க.

– நீ சிரிக்கறதக் கேட்டு வெகு காலமாச்சு.

– …அப்புறம் என்னாச்சு?

– அப்புறம் ஒண்ணுமில்ல. வேலை நடக்குது.

– அது நடந்து வருசமாகப் போகுது. இத்தன நாளு கழிச்சு இப்ப எதுக்கு மலையேறி வந்தீங்க?

– அதாவது, காரணம் இப்பத்தான் தெரிஞ்சுது. அதுக்கு முன்னால வேற ஒரு காரணம் சொல்லிக்கிட்டு இருந்தேன்.

– என்னன்னு?

– ஒண்ணு கவனி. கதிர், கருது. ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாரு. கதிர்ல ‘த’ முன்னால, ‘ர’ பின்னால. கருதுல ‘ர’ முன்னால, ‘த’ பின்னால. எழுத்து எடம் மாறி உக்காந்திருக்குது. நம்ம மேற்கு வட்டாரத்து நாக்கு தன்னப்போல இப்படி மாத்துதுன்னு ஒரு விதி கண்டுபிடிச்சேன். பேப்பர் எழுதுனேன். பெங்களூருல வாசிச்சேன். கைதட்டுனாங்க.

– எங்கொரல வெச்சா?

– உங்கொரல வெச்சுத்தான். ‘இயல்பான பேச்சு வழக்குள்ள பெண் ஒருவர்’னு போட்டிருந்தேன்.

– பேரு போடலியா?

– ஆராய்ச்சியில பேரு போடறதில்ல.

– சேரி. அந்த விதி என்னாச்சு?

– விழா முடிஞ்சு எல்லாரும் சாப்புடப் போனப்ப சுஜிதா மட்டும் எம்பக்கத்துல வந்து நின்னா. ‘ஸார், எதிர் சரியா வருது. உதிர் சரியா வருது. அதிர் சரியா வருது. ஒரே குரல், ஒரே நாக்கு. கதிர் மட்டும் ஏன் ஸார் மாறுது? இது விதி இல்ல ஸார். படிச்சவங்களத்தான் கேக்கணும்’னா.

– கெட்டிக்காரப் புள்ள.

– அந்த விதி எனக்கு எத்தன மரியாதை வாங்கிக் குடுத்துச்சு தெரியுமா? அதப் போயி ஒரு சின்னப் பொண்ணு வடைத் தட்டக் கையில வெச்சுக்கிட்டு ஒடச்சுட்டா.

– இன்னொரு டம்ளரு காப்பி?

– வேண்டா. இதக் கேளு. போன மாசம் நம்ம தெருவுல காஸ் கார்டு பதிய ஒருத்தன் வந்தான். எதுத்த ஊட்டு ராமாயி இருக்கறாளே, அவகிட்ட ‘வீட்டுக்காரர் பேரு என்னம்மா’ன்னான். அவ வாயத் தொறக்கல. சொவத்துல காலண்டருல சிவனும் பார்வதியும் ஒட்டுக்கா இருக்கற படம், அதக் காட்டுனா. இவனுக்குப் புரியல. நான்தான் எட்டிப் பாத்து ‘அர்த்தனாரி’ன்னு எழுதிக்கச் சொன்னேன். சொல்லிட்டு ஊட்டுக்குள்ள வந்து உக்காந்தேன். அப்பத்தான் எனக்கு உறைச்சுது.

– என்ன உறைச்சுது?

– எங்கம்மா நெனப்பு வந்துச்சு. எங்கப்பன் பேரு பழனிச்சாமி. எங்கம்மா சாகறவரைக்கும் பழனிக்குப் போறதப் பழனிக்குன்னு சொன்னதில்ல. ‘மலைக்குப் போறோம்’பா. மயிலு, நீயும் அதத்தான் பண்ணியிருக்கறே.

– நானா?

– எம்பேரு கதிர்வேல். நீ எம்பேரச் சொல்லக் கூடாதுன்னு கதிரையே சொல்லாம வுட்டிருக்கறே. காகிதத்துல கதிர்னு இருக்கற எடமெல்லாம் கருதுன்னு மாத்திப் படிச்சிருக்கறே. எனக்கு அன்னைக்குத் தூக்கம் வரல. இத்தன படிச்சவன், கம்ப்யூட்டருக்கே பேசக் கத்துக் குடுத்தவன், பொண்டாட்டி மனசுல எனக்கு இப்படி ஒரு எடம் இருந்தது தெரியாம விதி எழுதிக்கிட்டுத் திரிஞ்சிருக்கறேனேன்னு.

– …

– ஏம்புள்ள, மொளகு உதுக்கறத நிறுத்திட்டே?

– கேக்கறேன். நீங்க சொல்லுங்க.

– அவ்வளவுதான். அதுக்குத்தான் வந்தேன். இப்ப ஒருக்கா மட்டும் அந்தச் சாங்கியத்த வுட்டுட்டுக் கதிர்னு வாயாரச் சொன்னீன்னா…

– அம்மிணி, ஊட்டுல இருக்கறீங்களா?

– வா கண்ணாயி. இந்தப் பக்கமா வா, மொளக மிதிக்காத.

– மரமேறற ஏணி வேணும்ங்க அம்மிணி. எங்க ஏணி படி ஒடஞ்சு போச்சு. அக்கட்டத் தோட்டத்துல கொடி ரெண்டு மிச்சம் நிக்குது.

– பின்னால சாத்தி இருக்குது, எடுத்துக்க.

– யாருங்க ஒறம்பரையா? பாத்ததில்லையே.

– ஒறம்பரை இல்ல. எங்கூட்டுக்காரரு. கதிர்வேல்னு பேரு. சேலத்துல காலேசு வாத்தியாரா இருந்தாரு, கம்ப்யூட்டரு சொல்லிக் குடுக்கறவரு.

– அட, இவருதானுங்களா. வாங்க சாமி. அம்மிணி உங்களப்பத்தி ஒண்ணும் பேச மாட்டாங்க. நாங்க வெளிநாட்டுல இருக்கறீங்கன்னு நெனச்சோம்.

– சேலத்துலதாம்மா இருக்கறேன்.

– சேலமுங்களா. சேரிங்க. மஞ்சு எறங்குதுங்க சாமி, ரோடு தெரியாது, இருந்துட்டுக் காலைல போங்க. ஏணிய நாளைக்குக் கொண்டாந்து போடறேன் அம்மிணி.

– நாளானைக்குப் போட்டாப் போதும், போ.

– …மயிலு.

– என்னுங்க?

– நீ எம்பேரச் சொன்னே.

– ஆமா. கேட்டா சொல்லத்தானே வேணும்?

– கதிர்வேல்னு சொன்னே. முழுசா. தடங்கலே இல்லாம.

– ரேசன் கடையில சொல்றேன். ஓட்டுப் போடற எடத்துல சொல்றேன். மொளகு யாவாரி அப்பாசாமி கேட்டாச் சொல்றேன். இளமதி பொறந்தப்ப ஆஸ்பத்திரியில நர்ஸம்மா கேட்டப்ப நான்தான் சொன்னேன். நீங்க அன்னைக்குப் பரிச்ச பேப்பரு திருத்தப் போயிட்டீங்க. எனக்கு எந்தக் காலத்துல உங்க பேரச் சொல்லக் கூச்சம் இருந்துச்சு?

– நான் கேட்டதில்லையே.

– உங்க முன்னால உங்க பேரச் சொல்ற வேலை எனக்கு வரல. அதான் கேட்டதில்ல.

– அப்ப கருது?

– வுடுங்க. ஏழெட்டு வருசக் கதை. வேற வார்த்தையப் பதிஞ்சு ஒட்டிக்கங்க. நான் சொல்றேன், போயிட்டு வாங்க. மஞ்சு மூடிட்டா டிரைவரு நேரத்தோட வண்டிய எடுத்துருவாரு.

– காரணம் தெரியாம நான் எறங்க மாட்டேன்.

– ஆராய்ச்சிக்கா?

– …இல்ல. எனக்கு.

– சேரி. அந்த ரூம்பு ஞாபகம் இருக்குதுங்களா? காலேசுல உங்க மாடி ரூம்புக்குப் பக்கத்துல, சின்னது.

– பதிவு ரூம்பு. மறக்குமா?

– சொவத்துல பூரா பவானி ஜமக்காளம் தொங்கவுட்டிருந்தீங்க. சித்திர வெயிலு. காத்தாடி சத்தம் கூடாதுன்னு நிறுத்திட்டீங்க. மொத நாளு நான் பட்டுப்பொடவ கட்டிக்கிட்டு வந்தேன்.

– சரசரன்னு சத்தம் வந்துச்சு. மைக்குல எல்லாம் விழும்.

– ஆமா. அப்படித்தான் சொன்னீங்க. ‘சத்தம் வருது, நாளைக்கு நூல்பொடவ கட்டிட்டு வா’ன்னீங்க. நான் எதுக்குப் பட்டு கட்டுனேன்னு நீங்க கேக்கல. கல்யாணமாகி அத்தன வருசத்துல உங்க காலேசு வாசப்படிய நான் மிதிச்சது அன்னைக்குத்தான். படிக்கறேன்னு சொன்ன புள்ள கல்யாணமாகிப் போயிட்டா, நீ வந்து படிச்சுக் குடுன்னு கூப்புட்டீங்க. எனக்கு நெம்ப சந்தோசம். நான் பேசுவேன், இவரு எதுத்தாப்புல உக்காந்து கேப்பாருன்னு. அந்த ஒண்ணுதான் எனக்கு அத்தன வருசமும் கெடைக்கல.

– நான் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தேன். காதுல மாட்டிக்கிட்டு. ஒரு சொல்லு வுடாம.

– சத்தத்தக் கேட்டீங்க. ‘ஏத்த எறக்கம் வேண்டா. சிரிப்பு வேண்டா. சலிப்பு வேண்டா. ஒரே மாதிரி படி’ன்னீங்க.

– அது தேவை மயிலு. வெட்டி ஒட்டற வேலை. ஒரு துண்டு சிரிச்சுக்கிட்டும் ஒரு துண்டு அழுதுக்கிட்டும் இருந்தா ஒட்டாது.

– எனக்கும் தெரியும். எங்கப்பன் காரியம் முடிச்சு வந்த மறுநாளு படிச்சேன். பாதியில கொரலு ஒடஞ்சுது. நீங்க கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து கையக் காட்டி நிறுத்துனீங்க. எந்திரிச்சு வருவீங்கன்னு பாத்தேன். ‘தொண்ட கட்டியிருக்குது, வெந்நி குடிச்சுட்டு ஆரம்பி’ன்னீங்க.

– அப்படியா சொன்னேன்?

– அப்படித்தான். நான் வெந்நி குடிச்சுட்டு ஆரம்பிச்சேன்.

– …

– நீங்க பாடம் எடுக்கறதுக்கு முன்னால காலைல கண்ணாடி முன்ன நின்னு சொல்லிப் பாப்பீங்க, நெனப்பிருக்குதா? கழுவி அடுக்குன தட்டுல மேல இருக்கறதத்தான் மொதல்ல எடுக்க முடியும்னு என்னமோ ஒரு பாடம். நான் அடுப்பங்கரையில தாளிக்கறத நிறுத்திட்டுக் கேப்பேன். ஒரு வருசம் நீங்க தட்டுக்குப் பதிலா இட்லித் தட்டுன்னு மாத்துனீங்க. பசங்க சிரிச்சாங்களான்னு கேக்கோணும்னு இருப்பேன். சாயந்தரம் நீங்க வந்தா அலுத்துப் போயி வருவீங்க. கேக்க மாட்டேன்.

– சிரிச்சாங்க. அந்த வருசம் சிரிச்சாங்க.

– இப்பச் சொல்றீங்க. சேரி, கதிருக்கு வாரேன். வெயிலு போயி மழைக்காலம் வந்துருச்சு, நான் படிச்சுக்கிட்டே இருக்கேன். கடமை, கடல், கண்ணி, கதவுன்னு வருசையா வருது. அடுத்ததப் பாத்தா கதிர். எனக்குக் குபுக்குன்னு சிரிப்பு வந்துச்சு. அடக்கிக்கிட்டேன். அவுங்க பேரு இருக்கற சொல்லாச்சே, இத மாத்திச் சொன்னா அந்தக் காதுக் கிண்ணத்தக் கழட்டிட்டுத் தலைய நிமித்திப் பாப்பாங்க, ‘ஏம்புள்ள, எம்பேரையே மாத்திப்போட்டயா’ம்பாங்க, நானும் ஒரு பேச்சு பேசலாம், செத்த நேரம் சிரிச்சுட்டு அப்புறம் படிக்கலாம்னு தோணுச்சு. கருதுன்னு படிச்சேன்.

– …நான்?

– ‘அடுத்தது’ன்னீங்க.

– மயிலு.

– தலைய நிமித்தல. ‘அடுத்தது’ன்னீங்க. நான் ‘கதை’ன்னு படிச்சேன். நாலு நாளு கழிச்சு வாக்கியத்துல கதிர் வந்துச்சு. இந்த வாட்டி கேப்பாங்கன்னு மறுக்காவும் கருதுன்னேன். நீங்க ஒண்ணும் சொல்லல. அப்புறம் வந்த எடத்துல எல்லாம் கருதுதான். மொதல்ல வெளையாட்டாத்தான் இருந்துச்சு. போகப் போக வெளையாட்டு இல்லாமப் போச்சு. நான் உள்ள உக்காந்து உங்களப் பேரு மாத்திக் கூப்புட்டுக்கிட்டே இருக்கேன், நீங்க திரும்பவே இல்ல.

– எனக்குக் கேட்டுச்சு.

– என்ன?

– சத்தியமா எனக்குக் கேட்டுச்சு மயிலு. நீ மொத தடவ கருதுன்னப்பவே கேட்டுச்சு. ‘தகரம் ரகரம் இடமாற்றம், கவனிக்கத்தக்கது’ன்னு பக்கத்துல குறிச்சேன். சந்தோசமாக்கூட இருந்துச்சு. புதுசா ஒரு டேட்டா கெடச்சுதுன்னு.

– டேட்டான்னா?

– …தகவல்.

– ம். அதத்தான் பெங்களூருல வாசிச்சீங்களாக்கும்.

– ஆமா.

– கைதட்டுனாங்கன்னீங்க.

– மயிலு, திட்டீரு. ரெண்டு வார்த்த திட்டீட்டாக்கூடப் பரவால்ல.

– எதுக்குத் திட்டறது? இளமதியக் கட்டிக் குடுத்தம், ஊட்டுல நாம ரெண்டு பேரு. நீங்க காலைல போனா இருட்டித்தான் வருவீங்க. வந்தாலும் அந்தக் கிண்ணத்தக் காதுல மாட்டிக்கிட்டு எங்கொரலத்தான் கேட்டுக்கிட்டு இருப்பீங்க. நான் சோத்தப் போட்டு வெச்சுட்டுக் கூப்புடுவேன். உங்களுக்குக் கேக்காது, ஏன்னா உங்க காதுல நான்தான் பேசிக்கிட்டு இருப்பேன். அத நெனச்சா எனக்குச் சிரிப்பும் வரும், அழுகையும் வரும். ஒரு மாசம் தோட்டத்தப் பாத்துட்டு வாரேன்னு சொல்லிட்டு வந்தேன். இங்க யாரும் இல்ல. ஆனா யாரும் இல்லாத எடத்துல தனியா இருக்கறது அத்தன கஷ்டமில்லீங்க.

– நான் வந்து கூப்புட்டிருக்கணும்.

– கூப்புட்டிருந்தா வந்திருப்பேன். மொத ரெண்டு வருசம் வந்திருப்பேன். பஸ்ஸு வளைவுல ஹாரன் அடிக்கறப்ப எல்லாம் எட்டிப் பாத்தேன். எனக்கு அங்க வேலை என்ன இருக்குதுன்னு அப்புறம் வுட்டுட்டேன்.

– இப்ப?

– இப்ப நீங்க ஒரு வார்த்தைக்கு வந்திருக்கறீங்க. அதையாச்சும் ஒழுங்காக் குடுத்தனுப்பறேன். அந்தப் பார்வையில்லாத புள்ளைங்க என்ன பாவம் பண்ணுச்சு, எம்பொல்லாப்புனால ஒளிக்கருதுன்னு படிச்சுத் தப்பு வாங்கறதுக்கு. பதியற பெட்டிய எடுங்க.

– பெட்டி பையிலயே இருக்கட்டும். மைக்கு வெளிய இருந்தாப் போதும்.

– பட்டன அமுத்தீட்டீங்களா?

– நீ சொல்லு.

– தொண்டையச் செருமிக்கறேன். கதிர்.

– …

– ஒரே மாதிரி வந்துச்சா? ஏத்த எறக்கம் இல்லாம?

– இருந்தாப் பரவால்ல. இன்னொருக்கா சொல்லு.

– கதிர்.

– இன்னொருக்கா.

– என்னுங்க இது, ஒரு வார்த்தைக்கு வந்தேன்னுட்டு. கதிர்வேல். ஒட்டுக்காவே சொல்லிட்டேன், வெட்டற வேலை வேண்டா உங்களுக்கு.

– …

– கண்ணத் தொடைங்க. கண்ணாயி பாத்தா ஊரெல்லாம் சொல்லிருவா. பதிஞ்சுதா இல்லையா, அதச் சொல்லுங்க. பஸ்ஸு ஹாரன் கேக்குது பாருங்க, கீழ வளைவுல வந்துருச்சு. ஓடிப் போனாப் புடிச்சறலாம்.

– பைக்குள்ள பெட்டியே இல்ல மயிலு. நான் ரிட்டயர் ஆன மறுவாரமே மெசினையும் உங்கொரலையும் சேத்து எடைக்குப் போட்டுட்டாங்க.